ஒட்டுகிற மண்தான் ஒட்டும்

வாடகைக்கு வீடு எடுத்தவர்கள் எல்லோரும் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள். சாவியைக் கையில் கொடுக்கும்போதே வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்: "செவுத்துல ஆணி அடிக்காதீங்க. பாத்ரூம் டைல்ஸ்ல டிரில் போடவே கூடாது."

சரி என்று கடைக்குப் போய், பின்புறம் ஒட்டும் பட்டை வைத்த எவர்சில்வர் ரேக் ஒன்றை வாங்கி வருகிறோம். அட்டையில் '10 கிலோ தாங்கும்' என்று அச்சிட்டிருக்கிறது. தாளை உரித்து டைல்ஸில் வைத்து அழுத்துகிறோம். ஒரு பெரிய ஷாம்பு பாட்டில், சீயக்காய்த் தூள் டப்பா, எண்ணெய்ப் புட்டி, இரண்டு சோப்பு. ரேக்கையும் சேர்த்து மொத்தம் 2 கிலோ. மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு நாள் நடுராத்திரியில், குளியலறையில் யாருமே இல்லாத நேரத்தில், தடாலென்று ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் ரேக் தரையில் கிடக்கிறது. அது இருந்த இடத்துக்கு ஒரு சாண் மேலே, அதே வழவழப்பான டைல்ஸில், ஒரு பல்லி தலைகீழாக நிற்கிறது.

பசை போட்டு ஒட்டியது விழுந்துவிட்டது. பசையே இல்லாத பல்லி நிற்கிறது. பத்து கிலோ தாங்க வேண்டியது இரண்டு கிலோவுக்கே விழுந்தது ஏன்? யாரும் தொடாதபோது விழுந்தது ஏன்? இந்த அத்தியாயத்தின் முடிவில் இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும். அதோடு, அடுத்த ரேக்கை விழாமல் ஒட்டவும் முடியும்.

டைல்ஸ் என்னும் கண்ணாடி

குளியலறைச் சுவரில் பதிக்கும் டைல்ஸின் உடல் சுட்ட களிமண். அதன் முகத்தில் இருக்கும் பளபளப்பு வேறு பொருள். அது உலையில் உருகிப் படிந்த மெல்லிய கண்ணாடிப் படலம். நாம் தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது சுவரை அல்ல, கண்ணாடியை.

கண்ணாடி கடினமானது, ஆனால் வளையத் தெரியாது. அதிர்ச்சி கொடுத்தால் விரிசல் விட்டுவிடும். செங்கல் சுவரில் துளை போடுவதுபோல் டிரில்லிங் மெஷினைச் சுத்தியல் முறையில் வைத்து இடித்தால், துளையிலிருந்து விரிசல் கிளம்பி டைல்ஸின் ஓரம்வரை ஓடும். கொத்தனார் டைல்ஸின் பின்புறம் முழுக்கச் சிமெண்ட் பூசாமல் நடுவில் மட்டும் ஓர் உருண்டை வைத்துப் பதித்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அப்படிப்பட்ட டைல்ஸைத் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும். பின்னால் தாங்க ஒன்றும் இல்லாத இடத்தில் டிரில் நுனி பட்டால் டைல்ஸ் உடைந்துவிடும்.

வைர முனை கொண்ட டிரில், குறைந்த வேகம், இடைவிடாத தண்ணீர் ஆகியவை இருந்தால் கைதேர்ந்தவர்கள் விரிசல் இல்லாமல் துளை போட்டுவிடுவார்கள். அப்போதும் டைல்ஸுக்குப் பின்னால் புதைந்திருக்கும் தண்ணீர்க் குழாய் கண்ணுக்குத் தெரியாது. நீர்க்கசிவு தடுக்கப் பூசிய படலத்திலும் ஓட்டை விழும். வீட்டுக்காரர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

டிரில்லுக்கு எதிரியான இந்தக் கண்ணாடி முகம் பசைக்கு மிக நல்ல நண்பன். சுண்ணாம்புச் சுவரில் பசை ஒட்டினால் சுவரின் மேல்தோலே உதிர்ந்து வந்துவிடும். மரத்தில் ஒட்டினால் மரம் ஈரம் குடித்து உப்பும். கண்ணாடி உதிர்வதும் இல்லை, உப்புவதும் இல்லை. சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் நிற்கும் கண்ணாடிக் கட்டடங்கள் பலவற்றில், வெளிப்புறக் கண்ணாடிகளைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பது சிலிக்கோன் பசைதான். புயலையும் வெயிலையும் அது தாங்குகிறது. அப்படியானால் ஷாம்பு பாட்டிலைத் தாங்க முடியாமல் போனதற்குப் பசையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

காற்று அழுத்திப் பிடிக்கும் கிண்ணம்

துளை போடாமல் மாட்டும் வழிகளில் மிகப் பழக்கமானது ரப்பர் உறிஞ்சு கிண்ணம். அழுத்தினால் 'பச்சக்' என்று டைல்ஸில் பிடித்துக்கொள்ளும். கிண்ணம் சுவரை இழுத்துப் பிடித்திருப்பதாக நமக்குத் தோன்றும். உண்மையில் அது எதையும் இழுக்கவில்லை. வெளியே இருக்கும் காற்று அதைச் சுவரோடு அழுத்திக்கொண்டிருக்கிறது.

நம் தலைக்கு மேல் பல கிலோமீட்டர் உயரத்துக்குக் காற்று குவிந்திருக்கிறது. அதன் எடை, கடல் மட்டத்தில், ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பிலும் ஏறக்குறைய 1 கிலோ அளவுக்கு அழுத்துகிறது. உள்ளேயும் வெளியேயும் காற்று இருப்பதால் இந்த அழுத்தம் நமக்கு உறைப்பதில்லை. கிண்ணத்தை அழுத்தும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறிவிடுகிறது. பிறகு வெளிக்காற்றின் கை மட்டும்தான் மிச்சம். 6 செ.மீ. விட்டமுள்ள கிண்ணத்தின் பரப்பு 28 சதுர செ.மீ. காற்று முழுவதும் வெளியேறியிருந்தால் அதைப் பிய்க்க 28 கிலோவுக்கு இழுக்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மாக்டபர்க் நகர மேயர் ஓட்டோ ஃபான் கேரிக்கே, இரண்டு செம்பு அரைக்கோளங்களைப் பொருத்தி உள்ளிருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, இரு பக்கமும் குதிரைகளைப் பூட்டி இழுக்கவைத்தார். குதிரைகள் திணறின.

குதிரைகளையே திணறடித்த காற்று, கிண்ணத்தில் நாம் மாட்டும் துண்டைத் தாங்காமல் கைவிடுவது ஏன்? முதல் காரணம், காற்று கிண்ணத்தைச் சுவரை நோக்கி அழுத்துகிறது. துண்டின் எடையோ கீழ்நோக்கி இழுக்கிறது. இரண்டும் வேறு வேறு திசை. கீழே வழுகாமல் பிடிப்பது ரப்பருக்கும் டைல்ஸுக்கும் உள்ள உராய்வு மட்டுமே. சோப்புத் தண்ணீர் புகுந்தால் அந்த உராய்வு போய்விடும். இரண்டாவது காரணம் கசிவு. இரண்டு டைல்ஸுக்கு நடுவே உள்ள கிரவுட் கோட்டின் மேல் கிண்ணத்தை வைத்தால் காற்றுக்கு வாசலைத் திறந்து வைத்தது போலத்தான். கோட்டில் படாமல் வைத்தாலும், விளிம்பில் ஒரு முடி கிடந்தால் போதும், நாளாக நாளாகக் காற்று உள்ளே புகுந்துவிடும். உதகமண்டலத்தில் காற்றழுத்தமே கடற்கரையைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. அங்கே இதே கிண்ணம் இன்னும் பலவீனமானது.

பல் துலக்கும் பிரஷ், சின்னக் கண்ணாடி போன்ற லேசான பொருள்களுக்கு உறிஞ்சு கிண்ணம் போதும். வாரம் ஒரு முறை எடுத்து, துடைத்து, மறுபடி அழுத்தி வைக்க வேண்டும்.

பல்லியின் பாதத்தில் என்ன இருக்கிறது?

பல்லியும் பாதத்தில் உறிஞ்சு கிண்ணம் வைத்திருக்கிறது என்று நீண்ட காலம் பலர் நம்பினார்கள். கிண்ணமும் இல்லை, பசையும் இல்லை. அதன் விரல்களின் அடியில் நுண்ணிய முடிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. தென்கிழக்கு ஆசியாவில் வாழும் டோக்கே என்ற பெரிய பல்லியின் ஒரு பாதத்தில் மட்டும் ஏறக்குறைய 5 லட்சம் முடிகள். ஒவ்வொரு முடியின் நுனியும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையின் முனையும் ஒரு குட்டிக் கரண்டிபோல் தட்டையாக, ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு அகலத்தில் இருக்கிறது.

இத்தனை முடி எதற்கு? எந்த இரண்டு பொருளும் போதுமான அளவு நெருங்கினால், அவற்றின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று மெல்ல இழுக்கும். இதற்கு வான் டெர் வால்ஸ் விசை என்று பெயர். மிகப் பலவீனமான விசை. மூலக்கூறு அளவுக்கு நெருங்கினால்தான் வேலை செய்யும். கொஞ்சம் விலகினாலும் மறைந்துவிடும். பல்லியின் கரண்டி முனைகள் சுவரின் மேடு பள்ளங்களுக்குள் புகுந்து அந்த நெருக்கத்தைக் கோடிக்கணக்கான இடங்களில் உண்டாக்குகின்றன. சின்ன இழுப்புகள் கூடிப் பெரிய பிடியாகின்றன. அமெரிக்க விஞ்ஞானி கெல்லர் ஆட்டமும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் ஒற்றை முடியின் பிடியை அளந்தார்கள். 2002இல், அந்தப் பிடிக்கு முக்கியக் காரணம் வான் டெர் வால்ஸ் விசைதான் என்று காட்டினார்கள்.

நம் கையை டைல்ஸில் வைத்தால் ஏன் ஒட்டுவதில்லை? கைக்கும் டைல்ஸுக்கும் இடையே உண்மையான நெருக்கம் இல்லை. ஒரு பலாப்பழத்தின் மேல் இன்னொரு பலாப்பழத்தை வைத்தால் முள் நுனிகள் மட்டுமே தொடும், நடுவெல்லாம் வெற்றிடம். நுண்ணோக்கியில் பார்த்தால் வழவழப்பான பொருள்களும் இப்படித்தான். ஒட்டுதல் என்பது நெருக்கம். பல்லி அந்த நெருக்கத்தை முடியால் உண்டாக்குகிறது. பசை அதையே திரவமாக ஓடி, இடுக்குகளை நிரப்பி உண்டாக்குகிறது.

தோசைக்கல்லும் தாமரை இலையும்

திரவப் பசை இடுக்குகளுக்குள் ஓட வேண்டுமானால் டைல்ஸ் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு திரவம் ஒரு பரப்பில் உருண்டு நிற்காமல் பரவிப் படிவதை 'நனைவு' என்று சொல்வோம். நனைந்தால்தான் நெருக்கம் வரும்.

தாமரை இலையில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும். இலையின் மேலுள்ள மெழுகும் நுண்ணிய மேடுகளும் தண்ணீரை நனையவிடுவதில்லை. சுத்தமான கண்ணாடி இதற்கு நேர் எதிர். தண்ணீரையும் பசையையும் தன்மேல் நன்றாகப் பரவவிடும். ஆனால் நம் குளியலறை டைல்ஸ் சுத்தமான கண்ணாடியாக இருப்பதில்லை.

தோசை வார்க்கிறவர்களுக்கு இந்த அறிவியல் தெரியும். மாவு ஒட்டாமலிருக்கக் கல்லில் எண்ணெய் தேய்க்கிறோம். அதே எண்ணெயைத் தலையில் வைத்துக்கொண்டு குளிக்கும்போது அதன் துளிகள் டைல்ஸில் தெறிக்கின்றன. இன்னொரு படலமும் இருக்கிறது. போர் தண்ணீரில் கால்சியம் உப்புகள் அதிகம். அவை சோப்போடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத, மெழுகு போன்ற வெள்ளைக் கசடு உண்டாகிறது. பக்கெட்டின் உள்விளிம்பில் படிவது இதுதான். டைல்ஸ் மேல் மெல்லிய படலமாகப் படிந்தால் கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கசடோடு உப்புக் கறையும் சேர்ந்து, நாம் ஒட்டப் போகும் கண்ணாடியை மூடிவிடுகிறது. நாம் ரேக்கை டைல்ஸில் ஒட்டியதாக நினைக்கிறோம். அது ஒட்டியிருப்பது எண்ணெயிலும் சோப்பிலும்.

உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு உருண்டு புரண்டாலும் ஒட்டுகிற மண்தான் ஒட்டும் என்ற பழமொழியை விதியைப் பற்றியது என்று சொல்வார்கள். பசையைப் பற்றியும் அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

டைல்ஸ் தயாராக இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. சுத்தம் செய்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் உடையாமல் ஒரே படலமாக வழிந்தால் கண்ணாடி வெளிப்பட்டிருக்கிறது. தாமரை இலைபோல் திட்டுத் திட்டாகப் பிரிந்தால் எண்ணெய்ப்பசை இன்னும் போகவில்லை.

2 கிலோவின் கணக்கு

டைல்ஸ் சுத்தமாகவே இருக்கட்டும். இப்போது நம் ரேக்கைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரேக்கின் முதுகில் உள்ள ஒட்டும் பட்டை 6 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரம். பரப்பு 36 சதுர செ.மீ. தட்டு சுவரிலிருந்து 12 செ.மீ. முன்னால் நீண்டிருக்கிறது. 2 கிலோ எடை அதன் நடுவில், சுவரிலிருந்து 6 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

எடை பசையை இரண்டு விதமாகச் சோதிக்கிறது. முதலாவது, ரேக்கைக் கீழே வழுகவைக்கப் பார்க்கிறது. 2000 கிராமை 36 சதுர செ.மீ. பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 56 கிராம். இது பசைக்குச் சர்வ சாதாரணம்.

இரண்டாவது சோதனைதான் ஆபத்தானது. எடை சுவரிலிருந்து தள்ளி இருப்பதால், தட்டு ஒரு கடப்பாரைபோல் வேலை செய்கிறது. பட்டையின் கீழ்ப்பாதியைச் சுவரோடு அழுத்தி, மேல்பாதியைச் சுவரிலிருந்து பிய்க்கிறது. இந்த இழுப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. மேல் விளிம்பில்தான் உச்சம். நம் ரேக்குக்குக் கணக்கிட்டால் அங்கே ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் ஏறக்குறைய 330 கிராம் வருகிறது. வழுகவைக்கும் விசையைப் போல் ஆறு மடங்கு.

தோசையைக் கல்லிலிருந்து யாரும் நேராக மேலே தூக்குவதில்லை. ஓரத்தில் தோசைத் திருப்பியைக் கொடுத்துக் கிளப்புகிறோம். ஓரம் கிளம்பிவிட்டால் மிச்சம் தானாக வரும். இதை 'உரிதல்' என்று சொல்வோம். எந்தப் பசையும் வழுகலை எதிர்ப்பதில் கெட்டி, உரிதலை எதிர்ப்பதில் சோனி. நம் ரேக் ஒவ்வொரு நொடியும் தன் மேல் விளிம்பை உரித்துக்கொண்டே இருக்கிறது.

மேல் விளிம்பில் 1 செ.மீ. விட்டுப்போனால் என்ன ஆகும்? பிடித்திருக்கும் உயரம் 5 செ.மீ. ஆகிறது. புதிய மேல் விளிம்பில் இழுப்பு 480 கிராம். இன்னொரு செ.மீ. விட்டால் 750 கிராம். பிடி குறையக் குறைய இழுப்பு ஏறுகிறது. இழுப்பு ஏற ஏறப் பிடி இன்னும் வேகமாகக் குறைகிறது. மூன்று வாரம் அமைதியாக இருந்த ரேக் ஒரே கணத்தில் விழுவது இதனால்தான். வாரக்கணக்கில் விளிம்பு மயிரிழை மயிரிழையாகத் திறந்துகொண்டிருந்தது. கடைசி நொடியின் சத்தம் மட்டும்தான் நம் காதில் விழுந்தது.

இதே கணக்கு மருந்தையும் சொல்கிறது. 6 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம் உள்ள பட்டையை எடுத்துக்கொள்வோம். நெட்டுவாக்கில் ஒட்டினால் மேல் விளிம்பில் இழுப்பு 83 கிராம். அதே பட்டையைப் படுக்கைவாக்கில் ஒட்டினால் 167 கிராம். அதே பசை, அதே பரப்பு. நிறுத்தி ஒட்டியதால் மட்டும் சுமை பாதியாகிவிட்டது. பெரிய பாட்டில்களைத் தட்டின் முன் ஓரத்தில் வைக்காமல் சுவரை ஒட்டி வைத்தாலும் இழுப்பு குறையும். அட்டையில் உள்ள '10 கிலோ' சுவரை ஒட்டி நேர்கீழே தொங்கும் எடைக்குப் பொருந்தலாம். முன்னால் நீண்ட தட்டுக்கு அதை அப்படியே நம்பக் கூடாது.

தார்ச்சாலையில் நின்ற லாரி

சித்திரை வெயிலில் தார்ச்சாலையின் மேல் லாரி வேகமாக ஓடினால் தடம் விழாது. அதே லாரி நாள் முழுக்க ஓரிடத்தில் நின்றால் டயர் அமுங்கிய பள்ளம் தெரியும். தார், திடமும் திரவமும் கலந்த குணம் கொண்டது. சட்டென்று தள்ளினால் எதிர்க்கும். மெதுவாக, விடாமல் தள்ளினால் இடம் கொடுக்கும்.

இருபுறமும் ஒட்டும் நுரைப் பட்டைகள், அதாவது டபுள் சைடு டேப், இந்த இனம்தான். அந்த மென்மையால்தான் டைல்ஸின் நுண்ணிய பள்ளங்களுக்குள் பசை பாய்கிறது. அதே மென்மையால் தொடர்ந்து தொங்கும் எடைக்கு அது மிக மெல்ல நீண்டு கொடுக்கிறது. இதை 'மெல்லூர்வு' என்று அழைக்கலாம். கையால் இழுத்துப் பார்த்தபோது அசையாத ரேக், மூன்று வாரம் கழித்து யாரும் தொடாதபோது விழுந்ததற்கு இதுவே காரணம். கீசர் வெந்நீரின் சூடு மெல்லூர்வை விரைவாக்கும். திறந்த விளிம்பு வழியே தண்ணீரும் ஊர்ந்து போகும். கண்ணாடிக்குத் தண்ணீர்மேல் உள்ள நேசம் அதிகம். பசையை விலக்கி அந்த இடத்தைத் தண்ணீருக்குக் கொடுத்துவிடும்.

அதனால் உறுதியான அக்ரிலிக் நுரைப் பட்டைகளுக்குப் பொறியாளர்கள் ஒரு தாராளமான கணக்கு வைத்திருக்கிறார்கள். நிரந்தரமாகத் தொங்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 57 சதுர செ.மீ. பட்டை. நம் 2 கிலோவுக்கு 114 சதுர செ.மீ. வேண்டும். நாம் ஒட்டியது 36. தேவையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 10 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம் உள்ள பட்டையாக இருந்தால் பரப்பு 120. மேல் விளிம்பின் இழுப்பு 330 கிராமிலிருந்து 50 கிராமுக்கு இறங்கிவிடும்.

எந்தப் பசை எதற்கு?

நொடியில் ஒட்டும் பசையைத்தான் பலர் முதலில் தேடுவார்கள். அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் 1942இல் கண்டு, எல்லாவற்றிலும் ஒட்டித் தொல்லை கொடுக்கிறது என்று ஒதுக்கிய பொருள் அது. 1958இல்தான் விற்பனைக்கு வந்தது. உடைந்த பொம்மைக்கு அது அருமை. குளியலறைக்கு ஏற்றதல்ல. காய்ந்தபின் கண்ணாடிபோல் விறைத்துவிடும். நீண்ட நாள் ஈரத்தையும் தாங்காது. சூட்டில் பிளாஸ்டிக், டைல்ஸைப் போல் பத்து மடங்குக்கு மேல் விரியும். 20 செ.மீ. நீளமுள்ள பிளாஸ்டிக் தட்டு, வெந்நீரால் 20 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீளும். டைல்ஸ் அசையாது. நடுவில் மாட்டிய விறைப்பான பசை தினம் ஒரு குளியலில் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விடும். 1 மி.மீ. தடிமனுள்ள நுரைப் பட்டையோ அந்த நீட்சியைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும்.

சிலிக்கோன் ரப்பர்போல் வளையும்; தண்ணீரும் வெந்நீரும் அதை ஒன்றும் செய்யா. சோப்பு ஸ்டாண்டு, டவல் ராடு, கண்ணாடி எல்லாவற்றுக்கும் நல்லது. ஒரே ஒரு ரகசியம் தெரிய வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். ஓரத்திலிருந்து உள்ளே, ஒரு நாளைக்கு 2 முதல் 3 மி.மீ. வரைதான் இறுக்கம் நகரும். முதுகு முழுக்கப் பூசி அழுத்தினால் நடுவில் மாதக்கணக்கில் இறுகாமலே இருக்கும். செங்குத்தான கோடுகளாக, இடைவெளி விட்டுப் பூச வேண்டும். காற்று உள்ளே போகும். உள்ளே புகுந்த தண்ணீரும் கீழே வடிந்துவிடும். இறுகும்போது புளிக்காடி வாசனை வரும் வகை அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. உலோகப் பொருளுக்கும் முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் வாசனை வராத வகையை வாங்குவது நல்லது.

எம்-சீல் போன்ற இரண்டு கூட்டு எப்பாக்ஸி தனக்குள் நடக்கும் வேதிவினையால் இறுகும், காற்று தேவையில்லை. மிகக் கெட்டி. சின்ன உலோகக் கொக்கிகளுக்குப் பொருத்தம். திரும்ப எடுப்பதுதான் பாடு.

ஒட்டும் நாள்

பசையின் பலத்தில் பெரும்பகுதி ஒட்டுவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் முடிவாகிறது. டைல்ஸைத் தட்டிப் பார்த்து, பொள்ளல் இல்லாத இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏனென்றால் டைல்ஸும் சுவரில் ஒட்டப்பட்ட பொருள்தான். கிரவுட் கோட்டைத் தவிர்த்து, டைல்ஸின் நடுவில் ஒட்டுங்கள். உப்புக் கறையை வினிகரோ எலுமிச்சையோ தேய்த்து நீக்கிக் கழுவுங்கள். பளிங்குக் கல்லாக இருந்தால் புளிப்பு எதுவும் படக் கூடாது. அது கல்லையே அரித்துவிடும். நன்றாகக் காய்ந்தபின், மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் புதுத் துணியில் நனைத்துத் துடையுங்கள். கை கழுவும் சானிடைசர் வேண்டாம். அதில் பெரும்பாலும் கிளிசரின் கலந்திருக்கும். போன எண்ணெய்க்குப் பதிலாகப் புது வழவழப்பை விட்டுச் செல்லும். துடைத்த இடத்தை விரலால் தொடக் கூடாது.

பட்டையை ஒட்டியபின் முழுப் பலத்தோடு அரை நிமிடம் அழுத்துங்கள். அழுத்தம்தான் பசையைப் பள்ளங்களுக்குள் பாயவைக்கிறது. பிறகு காத்திருங்கள். அக்ரிலிக் நுரைப் பட்டை, அறைச் சூட்டில், 20 நிமிடத்தில் பாதிப் பிடியையும், 24 மணி நேரத்தில் 90 சதவீதத்தையும், 72 மணி நேரத்தில் முழுப் பிடியையும் அடைகிறது. ஒட்டிய கையோடு பாட்டிலை வைப்பது, வார்த்த கூரைக்கு அன்றைக்கே முட்டுகளை எடுப்பதற்குச் சமம். மூன்று நாள் வெறுமனே விடுங்கள். முதல் நாள் தண்ணீரும் படவேண்டாம்.

வீட்டைக் காலி செய்யும்போதும் இதே அறிவியல் கைகொடுக்கும். பலம் கொண்ட மட்டும் இழுக்காதீர்கள், டைல்ஸோடு வந்துவிடும். ஹேர் டிரையரால் சூடாக்கினால் நுரைப் பட்டை இளகும். தூண்டில் நரம்பை மேல் விளிம்பில் கொடுத்து, ரம்பம்போல் இப்படியும் அப்படியும் இழுத்து அறுத்தால் ரேக் கையோடு வரும். மேல் விளிம்பை உரிப்பது எவ்வளவு எளிது என்று இப்போது நமக்குத் தெரியுமே.

ஒட்டக் கூடாத ஒன்று

சோப்பு ஸ்டாண்டு, டவல் ராடு, பாட்டில் ரேக், கண்ணாடி: இவற்றையெல்லாம் துளை இல்லாமல் மாட்டலாம். விழுந்தால் ஒரு பாட்டில் உடையும், அவ்வளவுதான். கீசரை ஒருபோதும் ஒட்டக் கூடாது என்பதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். வயதானவர்கள் பிடித்து எழுவதற்கான கைப்பிடிக் கம்பி.

உறிஞ்சு கிண்ணம் வைத்த கைப்பிடிகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றைப் பெரியவர்களுக்காக வாங்கி வைக்காதீர்கள். 60 கிலோ எடையுள்ள பாட்டி கால் வழுக்கிக் கம்பியைப் பற்றும்போது, கம்பியில் விழும் விசை அவருடைய எடையைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக்கூடும். அது கீழ்நோக்கி மட்டும் வராது. கம்பியைச் சுவரிலிருந்து உரிக்கும் திசையிலும் வரும். எந்த நாளில் காற்று கசிந்திருக்கிறது, எந்த விளிம்பு திறந்திருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அந்தக் கம்பி டைல்ஸைத் தாண்டி, உள்ளே செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ போல்ட் போட்டு நிற்க வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர்கள் இதை வீட்டுக்காரரிடம் நேரில் எடுத்துச் சொல்லுங்கள். வீட்டுக்காரர்களே, மற்ற எதற்கும் துளை வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் சம்மதம் கொடுங்கள். டைல்ஸை மாற்றிவிடலாம். முதிய வயதில் முறிந்த இடுப்பெலும்பு பழையபடி சேர்வது கடினம்.